ஸ்பெக்ட்ரோகிராஃபில் கேமராவை ஃபோகஸ் செய்வதும் நேராகப் பொருத்துவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒளியை நிறங்களாகப் பிரித்துப் படமெடுக்கும் ஸ்பெக்ட்ரோகிராஃபில் முதன்முறை கேமரா மாட்டுபவர்கள் பெரும்பாலும் ஒரே திருகைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். முன்னும் பின்னும் நகர்த்தும் திருகு அது. திரையில் தெரியும் நிறமாலைக் கோடு மெலியவில்லை என்றால் அதையே இன்னும் கொஞ்சம் திருகுவார்கள். கோடு தடித்துத் தெரிவதற்குத் தூரம் மட்டுமே காரணம் இல்லை. கேமரா சுழன்றிருக்கலாம், ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம், விளக்கின் ஒளி உள்ளே பாதி இடத்தைத்தான் தொட்டுக்கொண்டிருக்கலாம். ஒவ்வொரு கோளாறும் திரையில் தனக்கென ஓர் அடையாளத்தை விட்டுவைக்கிறது. அதைப் படித்த பிறகு திருகைத் தொட்டால் அரை நாளில் வேலை முடியும். படிக்காமல் தொட்டால் வாரம் முழுக்க ஓடும்.

கணக்குகளுக்கு எல்லா இடத்திலும் ஒரே கருவியை எடுத்துக்கொள்கிறேன். 1930-ல் செர்னியும் டர்னரும் வெளியிட்ட இரு-கண்ணாடி அமைப்பு, 300 மிமீ குவியத் தூரம், எஃப்/4 (குவியத் தூரம் ஒளிக்கற்றையின் அகலத்தைப்போல் நான்கு மடங்கு), மில்லிமீட்டருக்கு 1200 கோடுகள் கொண்ட கிரேட்டிங் (ஒளியைப் பிரிக்கும் வரிப்பள்ளத் தகடு), 1024 × 256 பிக்சல் சிசிடி சென்சார், ஒரு பிக்சலின் அகலம் 26 மைக்ரான். உங்கள் கருவியின் எண்கள் வேறாக இருந்தால் அவற்றைப் போட்டு அதே கணக்கைச் செய்துகொள்ளலாம்.

கேமராவில் லென்ஸே இல்லையே, எதை ஃபோகஸ் செய்கிறோம்?

பிளவின் பிம்பத்தை. நுழைவுப் பிளவில் வரும் ஒளியை முதல் கண்ணாடி இணைக்கதிராக்குகிறது, கிரேட்டிங் அதை அலைநீளவாரியாகப் பிரிக்கிறது, இரண்டாவது கண்ணாடி ஒவ்வோர் அலைநீளத்தையும் தனித்தனியே குவிக்கிறது. ஆக, நிறமாலைக் கோடு என்று நாம் பார்ப்பது அந்தந்த நிறத்தில் விழுந்த பிளவின் படம்தான். அந்தப் படம் விழும் தளமும் சென்சாரின் முகமும் ஒன்றாக வேண்டும். லென்ஸின் வேலையை இரண்டாவது கண்ணாடி ஏற்கெனவே செய்துவிட்டது. நம் பங்கு, சென்சாரைச் சரியான இடத்தில், சரியான கோணத்தில் கொண்டுபோய் நிறுத்துவது.

சில கருவிகளில் கேமரா அசையாது, உள்ளே இருக்கும் கண்ணாடியைத்தான் நகர்த்த வேண்டும். கொள்கை அதுவேதான். ஆனால் இரண்டு வெளிவாய்கள் (கேமரா மாட்டும் வாய்கள்) உள்ள கருவியில் முதல் கண்ணாடியை அசைத்தால் இரு வாய்களின் ஃபோகஸும் சேர்ந்து மாறும். அங்கே ஒரு வாயைக் கண்ணாடியால் சரிசெய்துவிட்டு, மற்றதை அதன் கேமராத் தூரத்தால் சரிசெய்யுங்கள்.

எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

முதலில் கேமராவைக் குளிரவைத்து, வெப்பநிலை நிலைத்த பிறகு தொடங்குங்கள். குளிரும்போது சென்சாரைத் தாங்கும் பாகங்கள் சுருங்கும். அறை வெப்பநிலையில் பிடித்த ஃபோகஸ் மைனஸ் 70 டிகிரியில் அப்படியே நிற்கும் என்று நம்ப முடியாது. விளக்கும் சில நிமிடங்கள் எரிந்து நிலைக்கட்டும்.

அப்புறம் தூரத்தை உத்தேசமாகப் பிடியுங்கள். பிறகு சுழற்சி. பிறகு நிறமாலை சென்சாரின் உயரத்தில் நடுவில் விழுகிறதா என்ற சரிபார்ப்பு. அதன்பின் இடம்-வலம் சாய்வு. கடைசியில்தான் நுண்ணிய தூரம். சுழற்சி தவறாக இருக்கும்போது நுண்ணிய தூரத்தைத் தேடுவது வீண் வேலை, ஏனென்றால் சென்சாரின் பிக்சல் வரிசைகளைக் கூட்டிப் பார்க்கும்போது சுழற்சி தரும் தடிமனும் தூரம் தரும் தடிமனும் கலந்து ஒன்றாகவே தெரியும்.

எந்த விளக்கு, எந்தக் கோடு?

பாதரச-ஆர்கான் விளக்கு இருந்தால் பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். 546.07 நானோமீட்டர் பச்சைக் கோடு தனியாக, பலமாக நிற்கும். தொடங்க அதைவிட நல்ல கோடு இல்லை. 435.83-ம் நல்லதுதான், பக்கத்தில் மெலிந்த கோடுகள் இருப்பதை மட்டும் நினைவில் வையுங்கள். 576.96, 579.07 இரட்டைக்கோடு இடைவெளியைச் சரிபார்க்க உதவும்: நம் எடுத்துக்காட்டுக் கருவியில் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 2.7 நானோமீட்டர் என்பதால் இவை இரண்டும் ஏறக்குறைய 30 பிக்சல் தள்ளி நிற்க வேண்டும். சிவப்புக்கும் அதற்கு அப்பாலும் ஆர்கானின் 696.54, 763.51, 811.53. நியான் விளக்கு இருந்தால் 585.25 முதல் 703.24 வரை கோடுகள் நெருக்கமாகக் கிடைக்கும். ஒரே பார்வையில் சென்சாரின் இரு ஓரங்களையும் நடுவையும் பார்க்க நியான்தான் எனக்குப் பிடித்தது.

ஒரு கோட்டை மட்டும் தவிருங்கள். 313 நானோமீட்டரில் ஒன்றாகத் தெரிவது உண்மையில் 313.155, 313.184 என இரண்டு. குட்டிக் கருவியில் அவை பிரியவே பிரியாது. பெரிய கருவியில் பாதி பிரிந்து, ஃபோகஸ் கெட்டதுபோல் தோற்றம் காட்டும். 365-ல் தெரிவதும் மூன்று கோடுகள்.

பிளவை எவ்வளவு திறக்க வேண்டும்?

10 முதல் 25 மைக்ரான். பிளவு அகலமாக இருந்தால் கோட்டின் அகலத்தைப் பிளவே தீர்மானித்துவிடும், ஃபோகஸ் மாறினாலும் கண்ணில் படாது. 100 மைக்ரான் திறந்து வைத்தால் கோடு தட்டையான தலையோடு நான்கு பிக்சல் அகலத்தில் நிற்கும். சோதனைக்கு அந்த அகலம்தான் தேவை என்றாலும் ஃபோகஸைக் குறுகிய பிளவில் பிடித்துவிட்டுப் பிறகு திறங்கள்.

மைக்ரோமீட்டர் திருகை பூஜ்யத்தைத் தாண்டி இறுக்காதீர்கள். பிளவின் தாடைகள் கத்தி முனைகள், ஒன்றோடொன்று மோதினால் கெடும்.

விளக்கை எங்கே வைப்பது? பிளவுக்கு முன்னால் எங்காவது வைத்தால் போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள்.

எஃப்/4 கருவி என்றால் பிளவிலிருந்து விரியும் எஃப்/4 கூம்பு முழுவதும் கண்ணாடியையும் கிரேட்டிங்கையும் நிரப்ப வேண்டும். பேனா போன்ற விளக்கின் குழாய் சுமார் 6 மிமீ தடிமன். அதைப் பிளவிலிருந்து 100 மிமீ தள்ளி வைத்தால் பிளவுக்குள் நுழையும் கூம்பின் அகலம் ஏறக்குறைய எஃப்/17 மட்டுமே. கிரேட்டிங்கின் நடுவில் ஒரு மெல்லிய பட்டைதான் ஒளிபெறும். மெல்லிய கூம்புக்கு ஃபோகஸ் ஆழம் மிக அதிகம்: 0.1 மிமீ தவறினாலும் மங்கல் 6 மைக்ரான்தான், 26 மைக்ரான் பிக்சலில் அது தெரியவே தெரியாது. எங்கே திருகினாலும் கோடு கூர்மையாகவே இருக்கும். 'ஃபோகஸ் பிரமாதம்' என்று பூட்டிவிடுவீர்கள். உண்மையான சோதனை ஒளி கிரேட்டிங்கை முழுதாக நிரப்பிக்கொண்டு வரும்போது அதே 0.1 மிமீ 25 மைக்ரானாக, ஒரு முழுப் பிக்சலாக விரியும்.

இது எனக்கு நடந்தது. இரண்டு நாள் பொறுமையாகப் பிடித்த ஃபோகஸ், மூன்றாம் நாள் மாதிரியை வைத்ததும் காணாமல் போனது. கேமரா நகர்ந்துவிட்டது என்று நினைத்து மறுபடி விளக்கை வைத்துப் பார்த்தால் எல்லாம் கூர்மை. விளக்கைப் பிளவுக்கு அருகில் கொண்டுவந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அன்றிலிருந்து, விளக்கு வைத்ததும் நான் பார்க்கும் முதல் இடம் கிரேட்டிங்தான்.

செய்ய வேண்டியது சுலபம். கண்ணுக்குத் தெரியும் ஒளி என்றால் பிளவுக்கு மிக அருகில் தேய்த்த கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து அதன்மேல் விளக்கின் ஒளியை விழச் செய்யுங்கள். புற ஊதா என்றால் சாதாரணக் கண்ணாடி ஒளியை விழுங்கிவிடும். தேய்த்த சிலிக்கா வேண்டும், அல்லது விளக்கையே பிளவை ஒட்டிக் கொண்டுவர வேண்டும். உங்கள் சோதனையில் லென்ஸோ ஃபைபரோ (ஒளியைக் கடத்தும் இழை) உண்டு என்றால் இன்னும் நல்லது: விளக்கின் ஒளியையும் அதே பாதையில் அனுப்புங்கள். 0.22 எண்துளை (ஒளிக்கூம்பு எவ்வளவு விரியும் என்பதன் அளவு) உள்ள ஃபைபர் எஃப்/2.3 கூம்பைத் தரும், அது எஃப்/4-ஐ மீறி நிரப்பும். மீதி ஒளி சுவரில் பட்டுச் சிதறும், ஆகவே நடுவில் கூம்பைப் பொருத்தும் லென்ஸ் இருக்கட்டும்.

உச்சியின் உயரத்தைப் பார்ப்பதா, அகலத்தைப் பார்ப்பதா?

உத்தேசமாகத் தேடும்போது உயரம். கண்ணுக்கு உடனே தெரியும், கையும் அதன்படி போகும். முடிவெடுக்கும்போது அகலம்.

உயரம் பல காரணங்களால் ஏமாற்றும். விளக்கு மினுக்கும். கேமராவை முன்னும் பின்னும் நகர்த்தும்போது கோடு சிறிது பக்கவாட்டிலும் நகரும். மெல்லிய கோடு ஒரு பிக்சலின் நடுவில் விழுந்தால் உச்சி உயரமாகவும், இரண்டு பிக்சலுக்கு நடுவே விழுந்தால் தாழ்வாகவும் தெரியும், ஃபோகஸ் துளியும் மாறாமலேயே. அதனால் கோட்டுக்கு மணி வடிவ காஸியன் வளைவைப் பொருத்தி, உச்சியின் பாதி உயரத்தில் உள்ள அகலத்தை எடுங்கள். 0.1 மிமீ இடைவெளியில் ஏழெட்டு இடங்களில் அளந்து, அகலத்தை மைக்ரோமீட்டர் அளவுக்கு எதிராக வரையுங்கள். கிண்ணம் போன்ற வளைவு கிடைக்கும், அதன் அடிதான் உங்கள் இடம். குறைந்தபட்சம் எது என்று ஒரு புள்ளியைத் தேடாமல், இரு பக்கச் சரிவுகளையும் பார்த்து நடுவை எடுப்பது நம்பகமானது.

திருகுக்குத் தளர்வு உண்டு. எப்போதும் ஒரே திசையிலிருந்து இறுதி இடத்துக்கு வாருங்கள். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் போய் மறுபடி வாருங்கள்.

நிறைவுறல் இன்னொரு பொறி. 16 பிட் கேமராவில் 65,535-ஐத் தொட்ட கோட்டின் தலை வெட்டுப்பட்டு, அகலம் கூடியதுபோல் தெரியும். உச்சி 30,000 முதல் 40,000-க்குள் இருக்கும்படி எக்ஸ்போஷரை வையுங்கள்.

அகலம் எவ்வளவு வந்தால் போதும்?

குறுகிய பிளவில் 2 முதல் 3 பிக்சல் வந்தால் நல்ல ஃபோகஸ். 2-க்கும் கீழே போனால் பொருத்திய வளைவையே நம்ப முடியாது, ஏனென்றால் கோட்டைச் சொல்லப் போதுமான புள்ளிகள் இல்லை. அப்போது பிளவைச் சிறிது திறங்கள்.

எவ்வளவு துல்லியம் தேவை என்பது எஃப் எண்ணைப் பொறுத்தது. தூரத்தில் வந்த தவறை எஃப் எண்ணால் வகுத்தால் மங்கலின் அகலம் கிடைக்கும். 0.1 மிமீ தவறு எஃப்/4-ல் 25 மைக்ரான், எஃப்/6.5-ல் 15, எஃப்/9.8-ல் 10. நீளமான கருவிகள் ஃபோகஸில் ஏன் பொறுமை காட்டுகின்றன என்பது இதிலேயே தெரியும்.

எந்தப் பக்கம் திருகுவது என்றே தெரியவில்லை. வழி உண்டா?

உண்டு, அழகான வழி. ஜெர்மன் வானியலாளர் யோஹன்னஸ் ஹார்ட்மனின் பெயரால் அழைக்கப்படும் சோதனை. பெரிய வானியல் ஸ்பெக்ட்ரோகிராஃப்களில் இதற்கென்றே உள்ளே கதவுகள் வைக்கிறார்கள். ஸ்லோன் வான ஆய்வின் கருவிகளில் அப்படித்தான்.

கிரேட்டிங்கின் முன்னால், அல்லது முதல் கண்ணாடிக்கு முன்னால், கறுப்பு அட்டையால் ஒளிக்கற்றையின் இடது பாதியை மறைத்து ஒரு படம் எடுங்கள். பிறகு வலது பாதியை மறைத்து இன்னொன்று. ஃபோகஸ் சரியாக இருந்தால் இரண்டு படத்திலும் கோடு ஒரே இடத்தில் நிற்கும். இல்லையென்றால் கோடு தாவும். சென்சார் குவியத்துக்கு முன்னால் இருந்தால் ஒரு திசையிலும், பின்னால் இருந்தால் எதிர்த் திசையிலும் தாவும். ஒருமுறை கேமராவை நகர்த்தி எது எந்தத் திசை என்று குறித்துக்கொண்டால் பிறகு ஊகமே வேண்டாம்.

இதன் சிறப்பு உணர்திறனில் இருக்கிறது. அகலத்தின் கிண்ணம் அடியில் தட்டையானது, அங்கே 0.05 மிமீ நகர்ந்தாலும் பெரிதாகத் தெரியாது. ஹார்ட்மன் தாவலோ நேர்கோடாக பூஜ்யத்தைக் கடக்கும். எஃப்/4-ல் 0.1 மிமீ தவறுக்கு இரு பாதிகளுக்கிடையே சுமார் 12.5 மைக்ரான், அதாவது அரைப் பிக்சல் தாவல். கோட்டின் மையத்தை 0.05 பிக்சல் வரை அளப்பது கடினமில்லை என்பதால் 0.01 மிமீ தவறுகூடப் பிடிபடும். மூன்று இடங்களில் அளந்து நேர்கோடு போட்டால் பூஜ்யம் எங்கே என்று கணக்கே சொல்லிவிடும். அட்டையைக் கொண்டுபோகும்போது கிரேட்டிங்கின் முகத்தை மட்டும் தொட்டுவிடாதீர்கள். அதில் விழுந்த விரல்ரேகையைத் துடைக்க முடியாது.

கேமரா சுழன்றிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சென்சாரின் மேல் 20 வரிசை, நடு 20 வரிசை, கீழ் 20 வரிசை என மூன்று பட்டைகளைத் தனித்தனியே படியுங்கள். ஒரே கோட்டின் மையம் மூன்றிலும் ஒரே பிக்சலில் இருக்க வேண்டும். மேலிருந்து கீழாக ஒரே சீராக நகர்ந்துகொண்டே போனால் கேமரா சுழன்றிருக்கிறது.

நம் சென்சாரின் உயரம் 6.7 மிமீ. அரை டிகிரி சுழற்சியில் மேலுக்கும் கீழுக்கும் 58 மைக்ரான், இரண்டு பிக்சலுக்கு மேல் வித்தியாசம் வரும். எல்லா வரிசைகளையும் கூட்டிப் படித்தால் அந்த இரண்டு பிக்சலும் கோட்டின் அகலத்தில் போய்ச் சேரும், ஃபோகஸ் எவ்வளவு நன்றாக இருந்தாலும். கால் பிக்சலுக்குள் கொண்டுவர வேண்டும் என்றால் சுழற்சி 0.05 டிகிரிக்கு அருகில் இருக்க வேண்டும். கையால் அதைப் பிடிக்கலாம், ஆனால் திருகாணிகளை முழுதாகத் தளர்த்திவிட்டுப் பிடிக்க முடியாது. லேசாக உராய்வு இருக்கும்படி தளர்த்தி, கேமராவின் ஓரத்தை விரலால் மெல்லத் தட்டுங்கள். இறுக்கும்போது எதிரெதிர் திருகாணிகளை மாறி மாறி இறுக்குங்கள், வரிசையாக இறுக்கினால் கேமரா கூடவே சுழலும். இறுக்கியதும் மூன்று பட்டைகளையும் மறுபடி பாருங்கள். பத்தில் ஏழு தடவை திரும்பவும் தளர்த்த நேரும், அது இயல்புதான்.

கோடுகள் செங்குத்தாக வந்துவிட்டன, ஆனால் ஃபைபர் தடங்கள் சாய்வாக ஓடுகின்றன. இது எப்படி?

இரண்டும் வேறு வேறு விஷயங்கள். கோட்டின் சாய்வைப் பிளவு தீர்மானிக்கிறது. தடத்தின் சாய்வை, அதாவது நிறமாலை விரியும் திசையை, கிரேட்டிங்கின் வரிப்பள்ளங்கள் தீர்மானிக்கின்றன. பிளவும் வரிப்பள்ளங்களும் இணையாக இருந்தால்தான் இரண்டும் செங்கோணத்தில் இருக்கும். கேமராவைச் சுழற்றினால் இரண்டும் சேர்ந்தே சுழலும். ஒன்று சரியாகி மற்றது சரியாகவில்லை என்றால் குற்றம் கேமராவில் இல்லை.

முறைப்படி செய்வது இது: பிளவில் ஒரு நுண்துளையோ ஒற்றை ஃபைபரோ வைத்துத் தொடர்நிறமாலை ஒளியை அனுப்பி, தடம் வரிசைகளோடு ஓடும்படி கேமராவைச் சுழற்றிப் பூட்டுங்கள். பிறகு பாதரச விளக்கை வைத்து, கோடுகள் செங்குத்தாகும் வரை பிளவைச் சுழற்றுங்கள். பிளவைச் சுழற்ற வசதி இல்லாத கருவியில் எது முக்கியம் என்று நீங்கள் தேர்ந்துகொள்ள வேண்டும். எல்லா வரிசையையும் கூட்டுபவருக்குக் கோடு முக்கியம். பல ஃபைபர்களைத் தனித்தனிப் பட்டைகளாகப் படிப்பவருக்குத் தடம் முக்கியம், இல்லையென்றால் ஒன்றின் ஒளி பக்கத்துப் பட்டைக்குள் வழியும்.

சுழற்சியைச் சரிசெய்த பிறகும் கோடு பிறைபோல் வளைந்திருக்கிறதே?

அது கேமராவின் தவறு இல்லை. பிளவின் மேல்முனையிலிருந்தும் கீழ்முனையிலிருந்தும் வரும் கதிர்கள் கிரேட்டிங்கைச் சாய்வாகத் தொடுவதால், அவை நடுக்கதிரைவிடச் சற்றே வேறு கோணத்தில் விலகுகின்றன. நேரான பிளவு வளைந்த கோடாகிறது. அலைநீளம் கூடக்கூட வளைவும் கூடும். மூன்று பட்டைச் சோதனையில் இதை உடனே பிரித்தறியலாம்: மேலும் கீழும் ஒத்துப்போகும், நடு மட்டும் விலகும். குறைந்த வரிசைகளை மட்டும் படிப்பது, அல்லது ஒவ்வொரு வரிசையையும் மென்பொருளில் நகர்த்திக் கூட்டுவது, இரண்டில் ஒன்றுதான் தீர்வு.

நடுவில் கூர்மையாக இருக்கிறது, ஓரங்களில் மங்குகிறது. ஏன்?

இரண்டு காரணங்கள், அவற்றைப் பிரிப்பது எளிது. கிரேட்டிங்கைச் சுழற்றி ஒரே கோட்டை இடது ஓரம், நடு, வலது ஓரம் என மூன்று இடத்திலும் வைத்து, ஒவ்வொன்றுக்கும் சிறந்த மைக்ரோமீட்டர் அளவைக் கண்டுபிடியுங்கள்.

இடமும் வலமும் வேறு வேறு அளவில் சிறந்து, நடு அவற்றுக்கு மத்தியில் இருந்தால் கேமரா சாய்ந்திருக்கிறது. உதாரணமாக 26.6 மிமீ அகலமான சென்சாரில் இரு ஓரங்களுக்கிடையே 0.3 மிமீ வித்தியாசம் என்று வையுங்கள். கேமராவின் விளிம்புத் தகட்டில் இரு பக்கத் திருகாணிகளுக்கிடையே 80 மிமீ இருந்தால், ஒரு பக்கம் 0.9 மிமீ தகட்டுத் துண்டு வைக்க வேண்டும். கணக்கு நேர்விகிதம்தான். எந்தப் பக்கம் என்பதை ஓர் ஓரத்தின் அளவு சொல்லும்.

இரு ஓரங்களும் ஒரே அளவில் சிறந்து, நடு மட்டும் வேறாக இருந்தால் குவியத் தளமே வளைந்தது. தகட்டுத் துண்டு உதவாது. நடுவைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, நடுவுக்கும் ஓரத்துக்கும் இடைப்பட்ட இடத்தில் ஃபோகஸை வைப்பது என் பழக்கம். உங்கள் முக்கியமான கோடு எப்போதும் நடுவில்தான் என்றால் நடுவுக்கே வையுங்கள், ஓரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கோட்டுக்கு ஒரு பக்கம் மட்டும் வால் நீள்கிறது. எவ்வளவு திருகியும் போகவில்லை.

அது கோமா. கண்ணாடிகள் அச்சுக்கு விலகிப் பயன்படுவதால் வருவது. தூரத்தின் தவறு கோட்டை இரு பக்கமும் விரிக்கும், ஒரு பக்கம் மட்டும் இழுக்காது. இந்த அமைப்பில் கோமாவை ஒரு கிரேட்டிங் கோணத்தில் ஈடுகட்டித்தான் வடிவமைக்கிறார்கள், அந்தக் கோணத்தைவிட்டு விலகினால் கொஞ்சம் தலைகாட்டும். எல்லா அலைநீளத்திலும் கனமான வால் இருந்தால் கண்ணாடி இடம் பெயர்ந்திருக்கலாம். அதை நீங்களாகத் திருப்ப வேண்டாம் என்பதே என் கருத்து, தயாரித்தவர்களிடம் போகட்டும். ஹார்ட்மன் சோதனையில் கோமா இரு பாதிகளையும் ஒரே பக்கம் தள்ளுவதால், வித்தியாசத்தில் அது கழிந்துவிடும். ஆகவே வால் இருக்கும்போதும் தூரத்தை அந்தச் சோதனையால் நம்பிப் பிடிக்கலாம்.

திருகின் எல்லை வரை போயும் ஃபோகஸ் வரவில்லை.

தூரங்களைக் கூட்டிப் பாருங்கள். ஸ்பெக்ட்ரோகிராஃபின் குவியத் தளம் வெளிவாயிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளியே இருக்கிறது, கேமராவின் முகத்திலிருந்து சென்சார் எத்தனை மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது, நடுவில் உள்ள இணைப்பு வளையம் எவ்வளவு தடிமன். சி-மவுண்ட் என்ற திருகுப் பொருத்தம் கொண்ட கேமராவில் அந்த ஆழம் 17.526 மிமீ. குளிரூட்டும் கேமராக்களில் ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு. சென்சார் தேவைக்கு மேல் ஆழத்தில் இருந்தால் எந்தத் திருகும் காப்பாற்றாது, வேறு வளையம் செய்ய வேண்டும்.

கேமராவின் சாளரத்தை மறந்துவிடாதீர்கள். கண்ணாடிச் சாளரம் தன் தடிமனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குவியத்தைப் பின்னால் தள்ளும். 3 மிமீ சாளரம் என்றால் 1 மிமீ.

ஃபைபர் முனைகள் உயரவாக்கில் மங்கலாக, கோடுகள் மட்டும் கூர்மையாக உள்ளன. எதை நம்புவது?

கோடுகளை. கோள வடிவக் கண்ணாடியை அச்சுக்கு விலகிப் பயன்படுத்தும்போது கிடைமட்டக் குவியமும் செங்குத்துக் குவியமும் வேறு வேறு தளங்களில் விழும். நிறமாலைக்கு வேண்டியது கிடைமட்டக் கூர்மை. இரண்டும் ஒரே தளத்தில் வேண்டுமென்றால் இரு திசைகளில் வேறு வேறு வளைவு கொண்ட டொராய்டு வடிவக் கண்ணாடி உள்ள கருவிதான் வழி.

ஒளிபெருக்கி உள்ள கேமராவுக்கும் இதே முறைதானா?

அதே முறைதான், கூடுதல் எச்சரிக்கையோடு. ஒளிபெருக்கிக் குழாய் உள்ள ஐசிசிடி கேமராவில் பிம்பம் விழ வேண்டிய இடம் சிசிடி அல்ல, முன்னால் இருக்கும், ஒளியை எலக்ட்ரானாக்கும் ஒளிக்கேத்தோடு. குழாயின் பகுதிறன் சாதாரண சிசிடியைவிடக் குறைவு என்பதால் கோடு அவ்வளவு மெலியாது. அதை ஃபோகஸ் தவறு என்று எண்ணித் துரத்தாதீர்கள். பலமான கோட்டையோ, கிரேட்டிங் நிறம் பிரிக்காமல் அப்படியே திருப்பும் பூஜ்ய வரிசை வெள்ளை ஒளியையோ பெருக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காட்டினால் ஒளிக்கேத்தோடு நிரந்தரமாகக் கெடும். குறைந்த பெருக்கத்தில், மங்கிய விளக்கில் தொடங்குங்கள். சென்சாருக்குள்ளேயே சமிக்ஞையைப் பெருக்கும் இஎம்சிசிடி கேமராவில் எலக்ட்ரான் பெருக்கத்தை அணைத்துவிட்டே ஃபோகஸ் செய்யலாம், விளக்கின் ஒளி அதற்குத் தாராளமாகப் போதும்.

பூஜ்ய வரிசையிலேயே ஃபோகஸ் செய்துவிடலாமா?

உத்தேசத்துக்கு மட்டும். கிரேட்டிங் வேலை செய்யும் கோணம் அதுவல்ல.

அலைநீளத்தை மாற்றினால் ஃபோகஸும் மாறுகிறது.

ஒரே கிரேட்டிங்கில் அப்படி நடந்தால் கிரேட்டிங்கின் மேல் விழும் ஒளி இணைக்கதிராக இல்லை என்று சந்தேகப்படுங்கள். விரியும் அல்லது குவியும் கற்றையில் வைத்த கிரேட்டிங்கைத் திருப்பினால் குவியத் தூரம் கோணத்தோடு மாறும். பிளவுக்கும் முதல் கண்ணாடிக்கும் உள்ள தூரம் தவறியிருக்கிறது என்று அர்த்தம். லென்ஸ் வைத்த கருவி என்றால் நிறத்துக்கு நிறம் குவியம் மாறும் நிறப்பிறழ்ச்சியும் காரணமாகலாம், கண்ணாடி மட்டும் உள்ள கருவியில் அது கிடையாது.

பல கிரேட்டிங்குகளைத் தாங்கும் சுழல்மேடையில் வேறு கிரேட்டிங்கைக் கொண்டுவரும்போது மாறினால் அது சகஜம். ஒவ்வொரு கிரேட்டிங்கும் அமர்ந்திருக்கும் விதம் சற்று வேறு. நிறமாலை மேலேயோ கீழேயோ நகர்வதும் அதனால்தான். ஒவ்வொன்றுக்கும் மைக்ரோமீட்டர் அளவையும் நிறமாலை விழும் பிக்சல் வரிசையின் எண்ணையும் தனியே எழுதிவையுங்கள்.

நேற்று சரியாக இருந்தது, இன்று இல்லை. வெப்பநிலையா?

முதலில் கேமராவின் எடையையும் குழாய்களையும் பாருங்கள். கனமான கேமரா வெளிவாயில் தொங்கிக்கொண்டிருந்தால் மெல்லத் தாழும். தண்ணீர்க் குழாயும் தடித்த கேபிளும் ஒரு பக்கம் இழுத்தால் சுழலும். கீழே ஒரு தாங்கி, கேபிளுக்கு ஒரு கட்டு, இவ்விரண்டும் நான் பார்த்த 'மர்மமான' ஃபோகஸ் மாற்றங்களில் பெரும்பாலானவற்றைத் தீர்த்திருக்கின்றன.

வெப்பநிலையின் பங்கு அதைவிடச் சிறியது. அலுமினிய உடல் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 23 பங்கு விரிகிறது. 300 மிமீ நீளத்தில் 5 டிகிரிக்கு சுமார் 35 மைக்ரான், எஃப்/4-ல் 9 மைக்ரான் மங்கல். அது பிக்சலில் மூன்றில் ஒரு பங்குதான். ஃபோகஸ் கெடுவதற்கு முன்பே கோட்டின் இடம் நகர்ந்துவிடும். காலையில் கோடு இடம் மாறியிருந்தால் திருகைத் தொடாமல் அறை வெப்பநிலையைப் பாருங்கள்.

பாதரச விளக்கால் ஆபத்து உண்டா?

உண்டு. சிலிக்கா உறை கொண்ட விளக்கு 253.65 நானோமீட்டர் புற ஊதாவை ஏராளமாக வீசும். சில நிமிடப் பார்வைகூடக் கண்ணைப் புண்ணாக்கும். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி அணியுங்கள், விளக்கைச் சுற்றி ஒரு மறைப்பு வையுங்கள்.

எல்லாம் பூட்டியாகிவிட்டது. இனி?

பூட்டிய பிறகு மூன்று பட்டை, மூன்று இடம், ஹார்ட்மன் என எல்லாவற்றையும் ஒரு தடவை மறுபடி அளந்து, படங்களைத் தேதியோடு சேமியுங்கள். அலைநீள அளவீட்டைப் புதிதாகச் செய்ய வேண்டும், கேமரா நகர்ந்ததும் பழைய அளவீடு செல்லாது. ஒளிச்செறிவு அளவீடும் அப்படியே. கடைசியாக, மைக்ரோமீட்டர் அளவு, தகட்டுத் துண்டின் தடிமனும் அது வைத்த பக்கமும், பிளவின் அகலம், கேமரா வெப்பநிலை, 546.07 கோட்டின் அகலம், இவற்றை ஒரு தாளில் எழுதிக் கருவியின் மூடியிலேயே ஒட்டிவையுங்கள். அடுத்த முறை கேமராவைக் கழற்றி மாட்டுபவர் அந்த எண்களிலிருந்து தொடங்கலாம்.